ஐம்பத்திரண்டு வயதுப் பல்

போன் அடித்தது. காலை பத்தே கால்.

"மூடிய மாத்திக் குடுத்திருக்க," என்றார் என் கணவர். "என் டப்பாவுல உன் மூடி. அழுத்தினா தெறிச்சு விழுது."

"துணியப் போட்டுக் கட்டி வைங்க. எப்படியும் பாதியத் திருப்பிக் கொண்டு வரப் போறீங்க."

சிரித்தார். இருமினார். வைத்துவிட்டார்.

பதினோரு மணிக்குப் பட்டறை பற்றி எரிந்தது.

பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை. ஒன்பது வருடமாக அவர் அங்கே உலைக்காரர். அன்று விடுமுறை. உலையைக் கழுவ வேண்டும் என்று முதலாளி அவரை மட்டும் கூப்பிட்டிருந்தார். உள்ளே இருந்தது இரண்டே பேர்... அவரும், மாடியில் அடைத்த ஏ.சி. அறையில் குடியிருந்த முதலாளியும்.

தீ அணைந்த பிறகு கிடைத்தது ஒரே உடல்.

கரிக்கட்டை. கையில் முதலாளியின் வாட்ச்.

அப்படியானால் இன்னொருவர் எங்கே?

மறுநாள் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார். முதலாளிக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. அவர் சாமான்களும் மாடியோடு எரிந்துவிட்டன. என் கணவர் அனாதை விடுதியில் வளர்ந்தவர். எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. அதனால் அவருடைய சீப்பு, பிரஷ், ரேஸர் ஏதாவது வேண்டும் என்றார். ஒரு முடி போதுமாம். உடல் யாருடையது என்று தெரிந்துவிடுமாம்.

"எதுவும் இல்ல சார். எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டேன்."

பாதி உண்மை. ஒரே உடல்தான் என்று கேட்டதும், முந்தின நாளே பிரஷையும் ரேஸரையும் எறிந்துவிட்டு, தலையணை உறையிலிருந்து துண்டு வரை கொதிக்கும் தண்ணீரில் போட்டிருந்தேன். சீப்பு மட்டும் என் கைப்பையில் இருந்தது.

கொடுத்தால் பதில் வந்துவிடும். எனக்குப் பதில் வேண்டாம்.

வேறு வழியில்லாமல் லேபில் உடலின் கடைவாய்ப் பல்லை எடுத்து வயதைப் பார்த்தார்கள். பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது.

இறந்தவருக்கு வயது ஐம்பத்திரண்டு!

முதலாளிக்கு ஐம்பத்து மூன்று. என் கணவருக்கு முப்பத்தொன்பது.

"உன் வீட்டுக்காரன் முதலாளியக் கொன்னுட்டு ஓடிட்டான்," என்றார் இன்ஸ்பெக்டர். "எங்க இருக்கான், சொல்லிடு."

அன்று இரண்டு தட்டு சாப்பிட்டேன். கொலைகாரராக இருக்கட்டும்... எங்கேயோ மூச்சு விடுகிறாரே, அது போதும்.

பக்கத்து வீடுகள் பேச்சை நிறுத்தின. தெருக்குழாயில் நான் நின்றால் வரிசை தள்ளி நின்றது. மாலையில் இரண்டு தம்ளர் எடுத்து வைப்பேன். ஒன்றைக் கழுவாமலே திருப்பி வைப்பேன். போன் அடித்தால் ஓடுவேன். அவர் இல்லை.

மூன்றாவது மாதம் லேபுக்குப் போனேன். "ஐம்பத்திரண்டு" என்று இன்னொரு தடவை கேட்டால் ஒரு வாரம் தூங்கலாம் என்றுதான்.

லேப் அம்மா நல்ல மாதிரி. உட்காரச் சொல்லி விளக்கினார். அப்பா அம்மா கொடுத்த ஜீன் அப்படியேதான் இருக்குமாம். ஆனால் எது வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்று அதன் மேலே சின்னச் சின்ன அடையாளங்கள் ஒட்டிக்கொள்ளுமாம். வயதாக ஆக அவை ஓர் ஒழுங்கில் மாறும். அதை எண்ணித்தான் வயது சொல்கிறார்கள்.

"வயசு மட்டும்தான் அத மாத்துமா?"

"திங்கறது, குடிக்கறது, சுவாசிக்கற புகை... எல்லாமே தொடும்."

கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டேன். சீப்பு இன்னும் அதில்தான் இருந்தது.

"யாரோட பல்ல வெச்சு இந்தக் கணக்கப் போட்டீங்க?"

"பல் கிளினிக்குக்கு வந்தவங்க. முந்நூறு பேர்."

"அதுல ஈயம் உருக்கறவங்க எத்தன பேரு?"

அவர் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க வீட்டுக்காரர் எப்படிச் சாப்பிடுவார்?" என்றார் மெதுவாக.

உலைப் புகையில் அவருக்குப் பசியே எடுக்காது. டப்பா பாதியாகத்தான் திரும்பும். முப்பத்தைந்திலேயே தலை முழுக்க வெள்ளை. பட்டறையில் எல்லாரும் அவரைக் கூப்பிட்டது "தாத்தா" என்று.

நானும்தான் அப்படிக் கேலி செய்தேன்.

"இந்தக் கணக்கு உங்க வீட்டுக்காரருக்குப் பொருந்துமான்னு நாங்க யோசிச்சிருக்கணும்மா," என்றார் லேப் அம்மா.

நான் எழுந்துகொள்ளவில்லை. பையைத் திறக்காமல் வீட்டுக்குப் போனால் அவர் உயிரோடு இருப்பார். கொலைகாரராக. திறந்தால் நிரபராதி ஆவார்.

பிணமாக.

பையைத் திறந்தேன். சீப்பை மேஜையில் வைத்தேன். இரண்டு வெள்ளை முடி.

ஒன்பதாவது நாள் இன்ஸ்பெக்டர் வந்து, உட்காராமலே சொன்னார். பல்லும் முடியும் ஒரே ஆளுடையவை.

முதலாளியைப் பிடிக்க மூன்று வாரம் ஆனது. வேறொரு ஊரில், பூங்காவில் காலை நடை நடந்துகொண்டிருந்தார். கையில் பழச்சாறு. என் கணவர் தன் ரத்தத்திலும் கூட வேலை செய்தவர்கள் ரத்தத்திலும் ஈயம் ஏறியிருப்பதாகச் சோதனை ரிப்போர்ட் வாங்கியிருக்கிறார். அதிகாரிகளிடம் போவதற்கு முன்னால், ஒரு மரியாதைக்கு முதலாளியிடம் காட்டியிருக்கிறார். அதுதான் அவர் செய்த தப்பு. பின்மண்டையில் ஓர் அடி... கையில் வாட்ச்... மேலே பெட்ரோல்.

கோர்ட் கேட்டதால் முதலாளியின் வயதையும் லேபில் பார்த்தார்கள். கணக்கு நாற்பத்து நான்கு என்றது.

"பாரும்மா, அந்த ஆளு ஒன்பது வயசு இளமையா இருக்கான்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"எங்க வீட்டுலேந்து பதிமூணு வயசு போயிருக்கு சார். மிச்சம் நாலு யார்கிட்ட இருக்குன்னு விசாரிங்க."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

என் கணவரின் டப்பா மூடி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தினமும் என் டப்பாவில் அழுத்திப் பார்க்கிறேன்.

தெறித்துத்தான் விழுகிறது.