காதுக்கு எட்டிய இளமை

"எமனுடைய கயிறு இன்றோடு அறுந்தது. இனி இந்த மண்ணில் முதுமை என்பது வெறும் பழங்கதை" என்று திருச்சி விளையாட்டரங்கில் அமைச்சர் முழங்கினார். மைக்குக்கு அப்போதுதான் உயிர் வந்ததால், கயிறு இன்னொரு முறை அறுக்கப்பட்டது.

மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் டாக்டர் யாழ்மொழி தன் உரையை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உருவாக்கிய மூப்பறு ஊசியை நாளை முதல் ஊருக்கெல்லாம் போடப்போகிறார்கள். போட்டுக்கொண்டவரின் வயதில் இரண்டைக் கழிக்கச் சட்டமே வந்துவிட்டது. ஓய்வூதியமும் அதற்கேற்ப இரண்டு ஆண்டு தள்ளிப்போகும். கைதட்டிக்கொண்டிருந்த கூட்டம் அந்தக் கடைசி வரியை இன்னும் படிக்கவில்லை.

அந்த இரண்டைக் கொடுத்தவர் வெள்ளைப்பாண்டி. பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊசியை முதலில் போட்டுக்கொண்ட பத்துப் பேரில் ஒருவர். அவர்களுக்கு ஊசி போட்ட காலத்தில் உடல்வயதுமானி கிடையாது. அது பிறகு வந்தது. விரல் நுனியில் ஒட்டினால் ரத்த அணுக்களின் தேய்மானத்தைப் பார்த்து வயதைச் சொல்லிவிடும், மாதம் பிசகாது. இப்போதெல்லாம் பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகத்தை வீட்டில் வைத்துவிட்டு அதைத்தான் எடுத்துப்போகிறார்கள். சான்றிதழ்ப்படி எழுபது வயதான வெள்ளைப்பாண்டிக்கு மானி அறுபத்தெட்டு என்றது.

நாடே வாயடைத்துப்போயிற்று. அவர் படத்துக்குப் பாலூற்றினார்கள். அவருடைய வழுக்கையைப் போலவே மழித்துக்கொள்ள வாலிபர்கள் சலூன்களில் வரிசை கட்டினார்கள். மற்ற ஒன்பது பேருக்கும் மானி சான்றிதழ் வயதையே காட்டியது. அவர்களுக்கு மன ஒருமை போதவில்லை என்று யாழ்மொழி காரணம் எழுதினார். தானே போட்டுக்கொண்டும் ஒரு மாதம்கூடக் குறையாதபோது, தூக்கம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டார்.

வெள்ளைப்பாண்டி முட்டியைத் தடவிக்கொண்டே உள்ளே வந்தார். அமைச்சரின் ஆட்கள் மேடையில் ஒரு குட்டிக்கரணம் போடச் சொல்கிறார்களாம்.

"முட்டி ஒத்துக்காது மேடம். இத வேணா செய்யட்டுமா?" என்று வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைப் பிடித்துக் காட்டினார்.

இது யாருக்குத்தான் வராது என்றார் யாழ்மொழி.

"சின்னப்புள்ளைக்கு வராதுல்ல? அப்பல்லாம் காது எட்டினாத்தான் ஒண்ணாப்புல சேப்பாங்க. எட்டிருச்சுன்னா அஞ்சு வயசுன்னு ஹெட்மாஸ்டரே ஒரு பொறந்த தேதி போட்டுருவாரு. எனக்குச் சின்னதுலருந்தே கை நீளம். தப்பா நினைக்காதீங்க."

யாழ்மொழி கையிலிருந்த உரைத்தாளைக் கீழே வைத்தார்.

"சேர்க்கும்போது உங்களுக்கு நிஜமா என்ன வயசு?"

"மூணு. அக்காவ விட்டுட்டு இருக்க மாட்டேன்னு அழுதேனாம். அதான் அவளோடயே கொண்டுபோய்ச் சேத்துட்டாங்க."

யாழ்மொழி கணக்குப் போட்டுப் பார்த்தார். எழுபதில் இரண்டு போனால் அறுபத்தெட்டு. மானி பிசகவில்லை. ஊசிதான் ஒன்றுமே செய்யவில்லை.

இத்தனை வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"நீங்க சர்டிஃபிகேட்டத்தானே கேட்டீங்க" என்றார் வெள்ளைப்பாண்டி.

உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் யாழ்மொழி மேடை ஏறினார். ஆனால் மைக் அமைச்சரிடம் இருந்தது. வெள்ளைப்பாண்டி குட்டிக்கரணத்துக்குப் பதில் காதைத் தொட்டதும், எழுபது வயதில் யாருக்கு இது முடியும் என்று அமைச்சர் கூட்டத்தைக் கேட்டார். அரங்கம் அதிர்ந்து அடங்கியது. பிறகு ஒருவர் தொட்டுப் பார்த்தார். அப்புறம் எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். எல்லோருக்கும் எட்டியது. ஊசியே போடாதவர்கள் அவர்கள்; மருந்தின் பெயரைக் கேட்டதற்கே இந்தப் பலனா என்று சிலருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அமைச்சருக்கும் கை நீளம் என்பது ஊரறிந்த விஷயம். அவர் விரல் காதைத் தாண்டிக் கழுத்துவரை போயிற்று.

"டாக்டரம்மா, நீங்களும் தொடுங்க" என்று அவர் மைக்கை நீட்டினார்.

யாழ்மொழி வாயைத் திறந்தார். எதிரே தலைக்கு மேல் வளைந்த ஆயிரக்கணக்கான முழங்கைகள். வாயை மூடிக்கொண்டு கையைத் தூக்கினார். எட்டியது.

அந்தச் சோதனையில் தேறினால், ஐந்து வயது ஆகிவிட்டது என்று பொருள்.