காந்தம் படாத கல்

ஸைதின் கைத்தடி நுனியில் ஒரு காந்தம் உண்டு. அதற்கு அவன் வைத்த பெயர் 'என் மூக்கு'. பாலைவனத்தில் கருப்பாக எதைக் கண்டாலும் மூக்கை நீட்டுவான். டக்கென்று ஒட்டினால் வானத்திலிருந்து விழுந்த கல். ஒட்டாவிட்டால் வெறும் கல்.

அவன் தங்கை இத்தோவிடமும் ஒரு காந்தத்தடி இருந்தது. ஆனால் பத்து வயதுதானே, ஆடுகளோடு கூடாரத்தைச் சுற்றியே திரிய வேண்டியிருந்தது.

போன வாரம் ஒரு நெருப்புப் பந்து வானத்தில் ஓடி உடைந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அன்றிலிருந்து கல் தேடாதவர்களே இல்லை. "யார் அந்தக் கல்லை எடுத்துட்டு வர்றாங்களோ அவங்க பெரிய சமவெளிக்குக் கல் தேட என்கூட ஒட்டகத்துல வரலாம்" என்று அப்பா சொல்லிவிட்டார். அதிலிருந்து இத்தோவுக்குத் தூக்கமே வரவில்லை.

அன்று காலை அவள் தடியோடு கிளம்பும்போது பக்கத்துக் கூடாரத்துத் தூதா மணலைக் கிளறி அழுதுகொண்டிருந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"அம்மாவோட ஊசி, அக்கா! கூடாரம் தைக்கிற பெரிய ஊசி. இங்கதான் விழுந்துச்சு. வேற ஊசியே இல்ல, அம்மா என்னைத் தொலைச்சிடுவாங்க."

இத்தோ தடியைப் பார்த்தாள். தூதாவைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"இந்தா, இதை வச்சுத் தேடு. பத்திரம்."

வெறுங்கையோடு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள். ஒரு குட்டி சட்டென்று நின்று எதையோ முகர்ந்தது. கரிச்சட்டியின் அடிபோலக் கருத்த ஒரு கல்! மணல்மேல் இப்போதுதான் வைத்ததுபோலக் கிடந்தது. தூசிகூடப் படியவில்லை. கைமுட்டி அளவுதான், ஆனால் கை இறங்கும் கனம். உடைந்த முனையில் உள்ளே சாம்பல் நிறம், அதில் குட்டிக் குட்டி உருண்டைகள். வெள்ளிக்கிழமை அம்மா கோதுமை ரவையில் உருட்டும் கூஸ்கூஸ் மணிகளேதான்!

தலைத்துணியில் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

கூடார வாசலில் ஒரு ஜீப் நின்றது. கற்களை ஆராயும் டாக்டர் ஹனான் அப்பாவோடு புதினாத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஸைது முன்பே பொறுக்கி வைத்திருந்த தன் ஐந்து கற்களைக் கம்பளத்தில் பரப்பியிருந்தான்.

"அப்பா, எனக்குக் கிடைச்சிடுச்சு!"

ஸைது சிரித்தான். "காந்தம் இல்லாமலா? அடுப்புக் கல்லைத் தூக்கிட்டு வந்திருப்பே. கொடு, என் மூக்கு சொல்லட்டும்."

தடியை நீட்டினான்.

"தம்பி, நிறுத்து!" என்று டாக்டர் கத்தினார். தேநீர் அவர் மடியில் கொட்டிவிட்டது. "காந்தத்தைத் தள்ளி வை! பாப்பா, இதுல யாராச்சும் காந்தம் வச்சாங்களா?"

"இல்லீங்க. என்னோடதை ஊசி தேடக் கொடுத்துட்டேன்."

டாக்டர் பூதக்கண்ணாடியை உடைந்த முனைக்கு அருகில் வைத்தார். அவர் முகம் மலர்ந்தது.

"கல் வகை விண்கல்தான். இந்த உருண்டைங்க இருக்கிறதாலே காண்ட்ரைட்டுன்னு சொல்வோம். அதுல எந்தப் பிரிவுன்னு ஆய்வுக்கூடத்துல பார்க்கணும். நம்ம பூமி உருவாகுறதுக்கு முன்னாடியே உண்டான உருண்டைங்க இது. அந்தக் காலத்துக் காந்த நினைவு இதுக்குள்ள இருக்கலாம். நம்ம காந்தம் கிட்டப் போனாலே அது அழிஞ்சிடும்."

ஸைது தன் கற்களைப் பார்த்தான். "அப்போ இது அஞ்சும்?"

"வகை பிரிக்கலாம். நினைவுதான் போயிருக்கும். எத்தனை தடவை ஒட்டிப் பார்த்தே?"

"வர்றவங்க எல்லாருக்கும் ஒட்டிக் காட்டுனேன்" என்று முனகினான்.

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். இத்தோவுக்கு அண்ணனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"சமவெளிக்கு அண்ணனும் வரட்டும்ப்பா. ஒட்டகத்தை எனக்குத் தனியா ஓட்டத் தெரியாது."

"கல்லை எப்படிடி கண்டுபிடிக்கிறது, மூக்கு இல்லாம?" என்றான் ஸைது.

"கண்ணு இருக்குல்ல? நான் சொல்லித் தர்றேன்."

அப்போது தூதா ஓடி வந்தாள். தடியின் நுனியில் பெரிய ஊசி ஒட்டிக்கொண்டிருந்தது. "அக்கா, கிடைச்சிடுச்சு!"

மறுநாள் விடியற்காலையில் ஒட்டகங்கள் கிளம்பின. தடியிலிருந்து கழற்றிய ஸைதின் மூக்கு அம்மாவின் தையல் கூடையில் மூன்று ஊசிகளோடு தங்கிவிட்டது.