ஒன்பது நாள் மாத்திரை

ஒசொர்பாய் கிழவரின் வாயிலிருந்து ஆவி வரவில்லை.

நரீன் நகரத்து ஆய்வுக்கூடத்தில் மருத்துவர் குல்சைரா அந்த வீடியோவை மறுபடியும் ஓடவிட்டாள். மலைமேல் ஆட்டுக்கிடையில் தனியாக இருக்கும் கிழவர், காசநோய்க்குச் சோதித்துப் பார்க்கும் புது மாத்திரையை நாள்தோறும் நாலு மணிக்குக் கைப்பேசியின் முன்னால் விழுங்கிக் காட்டி அனுப்புவார். அடுப்பு அணைந்த அறை. சுவரெல்லாம் வெண்பனி. அந்தக் குளிரில் பேசினால் ஆவியில் முகமே மறைய வேண்டும்.

"நல்லாத்தான் இருக்கேன் மகளே. வாந்தி இல்ல, மயக்கம் இல்ல. என் ஆடுங்களவிட நான் தேவல."

கணவன் இறந்தபின் அவளை விசாரித்துப் பேசுகிற ஒரே குரல் அது. அதனால்தானோ என்னவோ, குரலைக் கேட்டாளே தவிர முகத்தைக் கவனிக்கவில்லை. பழைய வீடியோக்களைப் பார்த்தாள். ஒன்பது நாளாகவே ஆவி இல்லை. ஒன்பது நாளும் 'பக்கவிளைவு ஏதுமில்லை' என்று கையெழுத்திட்டவள் அவள்தான்.

ஆய்வுத் தலைவரிடம் சொன்னாள். குளிரில் கேமரா மங்கியிருக்கும் என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "மருந்துக்கு அனுமதி வரப்போற நேரம். எதையும் கிளறாத, குல்சைரா" என்றார்.

மறுநாள் பனியை ஒதுக்கிப் பாதை திறந்ததும் ஜீப்பில் கிளம்பினாள். ஓட்டுநர் மெலிஸ் கிடைக்குக் கீழேயே வண்டியை நிறுத்திவிட்டார். ஆடுகளின் சத்தமே இல்லை, நாய்கூடக் குரைக்கவில்லை, தான் அங்கேயே இருப்பதாகச் சொன்னார். முழங்கால் அளவுப் பனியில் அவள் தனியாக ஏறினாள். அவள் காலடியில் பனி நெரியும் சத்தம் மட்டுமே கேட்டது.

கதவு தாழிடப்படவில்லை. உள்ளே ஈரக் கம்பளியும் குளிர்ந்த சாம்பலும் மணத்தன. கிழவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே, தேநீர்க் கிண்ணத்தில் சாய்ந்து நின்றது கைப்பேசி.

"ஐயா, நான்தான் குல்சைரா. என்ன ஆச்சு உங்களுக்கு?"

தோளைத் தொட்டாள். மரக்கட்டை. கண்மணிகள் வற்றிச் சுருங்கியிருந்தன. இன்று நேற்றல்ல, பத்து நாளாவது ஆகியிருக்கும் என்று அவளுடைய படிப்பு சொன்னது. வாய் திறந்திருந்தது. உள்ளே டார்ச் அடித்தாள். நாக்கின்மேல் சிவப்பாக, கரையாமல், ஒன்றையொன்று ஒட்டிய மாத்திரைகள். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் வைத்தாள். ஏழு. எட்டு.

ஒன்பது.

எங்கோ மாத்திரை அட்டை கிழியும் சின்னச் சத்தம்.

திரும்பினாள். கிழவரைப் பார்த்து நின்ற கைப்பேசி இப்போது அவளைப் பார்த்து நின்றது. திரையில் அவள் முகம். மணி நாலு.

பக்கத்தில் எலும்பு நெரியும் சத்தம்.

அவள் உதட்டருகே, பனி பூத்த இரண்டு விரல்கள். நடுவில் பத்தாவது மாத்திரை.