இடப்பக்கக் கடல்

பைக் டயரின் இடது ஓரத்தில் ரப்பர் முடிகளைக் காணவில்லை.

புது டயர் என்றால் மேலெல்லாம் மெல்லிய ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அச்சில் வார்க்கும்போது உள்ளே சிக்கும் காற்று வெளியேறச் சின்னத் துளைகள் விட்டிருப்பார்கள். அவற்றுக்குள் புகுந்து இறுகிய ரப்பர்தான் அந்த முடி. சாலையில் பட்ட இடத்தில் தேய்ந்துபோகும், படாத இடத்தில் அப்படியே நிற்கும். இந்த டயர்களை முந்தின நாள்தான் அவன் தன் டயர் கடையில் மாட்டினான். வலப்பக்க வளைவில் வண்டி வலப்பக்கம் சாயும், வலது ஓரம் தேயும். அவ்வளவுதான் கணக்கு.

தீவைச் சுற்றும் சாலையில் கடலை இடப்பக்கமாக வைத்துத்தான் கிளம்பினார்கள். பின்னால் ஒருக்களித்து உட்காரும் மனைவியின் முகம் இடப்பக்கம் இருக்கும், அவள் நாள் முழுக்கக் கடலைப் பார்க்கட்டும் என்று அவன்தான் அந்தத் திசையைத் தேர்ந்தெடுத்தான். கடல் வெளியே, தரை உள்ளே. அப்படியானால் சாலை வலப்பக்கமாக வளைந்தாக வேண்டும். வலது ஓரத்தில் ஒரு முடிகூட மடங்கவில்லை.

"டயரைக் கொஞ்சினது போதும். கடைசிப் படகை விட்டோம்னா, பாப்பா ராத்திரி பூரா அழுவா. உங்க அக்கா அதை ஒரு வருஷம் சொல்லிக் காட்டுவாங்க" என்றாள் அவள்.

மகள் பிறந்தபின் இருவரும் தனியாக வெளியே வந்தது இதுதான் முதல் தடவை. காலையில் அக்கரையில் அத்தையின் இடுப்பில் உட்கார்ந்து மகள் கையாட்டினாள். மத்தியானத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும் என்று அவன் அடித்துச் சொல்லியிருந்தான். இப்போது சூரியனே தென்படாத வானம் பழுப்பேறிக்கொண்டிருந்தது. படகுத்துறையைக் காணோம். போனில் சிக்னல் இல்லை.

"காத்து" என்றான். "கடல் காத்து இடப்பக்கத்துலேர்ந்து தள்ளுது. விழாம இருக்க நாம அந்தப் பக்கமே சாஞ்சு ஓட்டறோம். அதான் தேஞ்சிருக்கு."

அவள் பிளாஸ்கிலிருந்து தேநீரை ஊற்றினாள். ஆவி நூல் பிடித்தாற்போல் நேராக மேலே போனது. துப்பட்டா நுனிகூட அசையவில்லை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, அலைச் சத்தமே இல்லை என்று. உப்பு வாடையும் இல்லை. நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்தது போல ஈரக் கல்லின் வாடைதான் மூச்சில் ஏறியது.

கடலுக்குள், சற்றுத் தள்ளி, ஒரு கரும்பாறை. மேலே இரண்டு குழிகள், கீழே நீளமாய் ஒரு பிளவு. காலையில் படகுத்துறையைத் தாண்டியதும் வந்த சவுக்குத் தோப்பு கொஞ்ச நேரம் கடலை மறைத்திருந்தது. அதைவிட்டு வெளியே வந்ததும் அவள்தான் முதலில் காட்டினாள். "பாருங்க, உங்க அக்கா மாதிரியே முறைக்குது!" வண்டி ஆடும் அளவுக்குச் சிரித்தார்கள்.

"இன்னும் முறைக்குதுங்க" என்றாள் இப்போது. குரலில் சிரிப்பில்லை.

"இது வேற பாறையா இருக்கும்."

"நான் பார்த்துக்கிட்டேதானே வர்றேன். ஒரு தடவைகூடக் கண்ணை விட்டுப் போகல."

அவன் வண்டியைத் திருப்பினான். வந்த வழியே போனால் தோப்பு வரும், தோப்பைத் தாண்டினால் துறை. கடல் வலப்பக்கம் வந்தது. இப்போது இடப்பக்கம் வளைய வேண்டிய சாலையும் வலப்பக்கமே வளைந்தது. வளைந்துகொண்டே இருந்தது. அவள் விரல்கள் அவன் சட்டையைப் பற்றி இறுகின.

"இப்ப அது என் முதுகுக்குப் பின்னால இருக்கு. இது அதைவிட மோசமா இருக்குங்க."

தோப்பு வரவில்லை.

நிறுத்தினான். எதையும் கையால் செய்து பார்த்தால்தான் அவனுக்குப் பிடிபடும். ஹெல்மெட்டைக் கழற்றிச் சாலை நடுவில் வைத்தான்.

"இதுதான் பாறை. இதை இடது கைப் பக்கம் வெச்சு நடக்கறேன், பின்னாலயே வா."

நடந்தார்கள். கால் தானாக இடப்பக்கம் வளைந்தது. ஹெல்மெட் இடப்பக்கத்தை விட்டுப் போகவே இல்லை.

"டயர் சரியாத்தான் தேஞ்சிருக்கு" என்றான். விடை கிடைத்த வேகத்தில் வார்த்தைகள் விழுந்தன. "நாம தீவைச் சுத்தல. தண்ணி உள்ள இருக்கு, சாலை அதைச் சுத்திப் போகுது. நடுவுல அந்தப் பாறை."

"அப்ப படகுத்துறை?"

அவன் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான்.

அவள் ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நடக்க ஆரம்பிச்சப்போ இதோட கண்ணாடி தெரிஞ்சுது. அப்புறம் பக்கவாட்டு. இப்பப் பின்மண்டை."

"ஆமா. சுத்தி வந்தா அப்படித்தான்..."

நின்றான்.

காலையிலிருந்து இரண்டு குழிகள். ஒரு பிளவு. வழி நெடுக அதே முகம்.

தலையைத் தூக்கிப் பார்த்தான். அலையில்லாத நீர். அசையாத பாறை. அவள் ஓரடி பின்வாங்கினாள். பாறையின் அடியில் மட்டும் நீர் மெல்லச் சுழித்தது. அவள் நின்றாள். நீரும் நின்றது.

சுற்றி வருபவருக்கு ஒரே முகம் தெரிய ஒரே வழிதான் உண்டு. நடுவில் இருப்பது கூடவே திரும்ப வேண்டும்.