நடுங்காத உயிர்கள்!

குளிர் அறைக்குள் அவள் செத்துக் கிடந்தாள்.

விறைத்த விரல்கள் கதவைப் பார்த்து நீண்டிருந்தன. சுற்றிலும் உடைந்த கண்ணாடித் தட்டுகள். அவற்றில் வளர்ந்திருந்த கிருமிகள் தரையெங்கும் சிவப்புச் சிவப்பாய்...

"ஐயோ... என்னை விட்டுட்டுப் போயிட்டியேம்மா!"

அவள் கணவன், அந்தப் பரிசோதனைக் கூடத்தின் தலைமை விஞ்ஞானி, ஓடி வந்தான். தட்டுகள் பூட்ஸுக்கடியில் நொறுங்க, அவள் மேல் விழுந்து கதறினான். கண்ணீர் வஞ்சனையில்லாமல் கொட்டியது.

"நடிக்காதே மாமா!" செத்தவளின் தம்பி அவன் சட்டையைப் பிடித்தான். "பனிமலைக்குப் போய் இந்தக் கிருமியைக் கண்டுபிடிச்சது என் அக்கா! பேரு மட்டும் உனக்கு வேணும். அதுக்குத்தானே உள்ளே வெச்சுப் பூட்டினே?"

"வாயை அடக்குடா! தாழ்ப்பாள் ரிப்பேர்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். உங்கக்காதான் கேக்கல!"

"ரெண்டு பேரும் வெளியே வாங்க." பெண் இன்ஸ்பெக்டரின் குரல் அந்த அறையை விடச் சில்லிட்டிருந்தது.

ஆபீஸ் ரூமில் விஞ்ஞானிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"போன மாசம் இங்கே கொஞ்ச நேரம் கரண்ட் போச்சு. எலெக்ட்ரீஷியன் மூக்கை உடைச்சீங்க. ஸ்டேஷன்ல என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா சார்?"

"இது ஐஸ்ல பொழைக்கற கிருமி, சாதாரணச் சூடே அதுக்கு எமன்னு சொன்னேன். அதுக்கென்ன இப்போ?"

"அன்னிக்கு மூக்கை உடைச்சவர், இன்னிக்கு அத்தனை தட்டையும் மிதிச்சிட்டுப் போறீங்க. குனிஞ்சுகூடப் பார்க்கல!"

"பொண்டாட்டி செத்துக் கிடக்கா... கிருமியா எனக்குப் பெருசு?"

நல்ல பதில்தான். மச்சானுக்கே ஒரு கணம் மனசு இளகிவிட்டது!

அப்போது கான்ஸ்டபிள் உள்ளே வந்தான். கையில் ஒரு எவர்சில்வர் பெட்டி.

"நீங்க சொன்னபடியே சார் வீட்டு ஃப்ரிட்ஜுலதான் இருந்துச்சு, மேடம்."

ஜன்னலோரம் வெயிலில் வைத்து மூடியைத் திறந்தான். உள்ளே வரிசையாய்த் தட்டுகள். எல்லாவற்றிலும் சிவப்புப் புள்ளிகள்!

"மூடுடா! வெயில் படுதுடா பாவி... எல்லாம் செத்துடும்!"

விஞ்ஞானி பாய்ந்து பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"அப்போ அங்கே உடைஞ்சு கிடக்கறது?"

"அதெல்லாம் வேண்டாத தட்டு..." வாய் முந்திக்கொண்டது. நாக்கைக் கடித்து என்ன பிரயோஜனம்?

இன்ஸ்பெக்டர் எழுந்தாள். "உள்ளே மாட்டினா, ஆத்திரத்துல அவங்க கைக்குக் கிடைச்சதையெல்லாம் உடைப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியும். அதனால நல்லதை மட்டும் முன்னாடியே வீட்டுக்குக் கடத்திட்டீங்க. விபத்து வரப்போறது உங்களுக்கு மட்டும் எப்படி சார் தெரிஞ்சுது?"

தம்பி சுவரில் சாய்ந்து விம்மினான். விஞ்ஞானியின் கையில் விலங்கு ஏறியது.

"மேடம்... பெட்டியை மட்டும் ஃப்ரிட்ஜுல வெச்சுடுங்க. ப்ளீஸ்!"

"கண்டிப்பா! முக்கியமான சாட்சியாச்சே... ஜில்லுன்னு வெச்சுக்கறோம். சூடா கவனிக்கப் போறது உங்களை மட்டும்தான்!"