கதவோரத்து ஈரம்

அக்டோபர் கடைசியில், அமெரிக்காவின் வடகோடியில், சுபீரியர் ஏரிக்கரையில் சாயம் பூச ஒப்புக்கொள்பவன் ஒன்று முட்டாளாக இருக்க வேண்டும், இல்லை வேறு வேலை கிடைக்காதவனாக இருக்க வேண்டும். ஆர்லன் ஹௌகன் இரண்டும்தான் என்பாள் ரோண்டா. அவள் அவனுடைய முன்னாள் மனைவி. இந்நாள் கூட்டாளி.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மரத்தளங்களைக் கழுவி, தேய்த்து, எண்ணெய்ச் சாயம் பூசிக் கொடுப்பது அவர்கள் தொழில். கல்யாணம் முறிந்தபோது வீட்டைப் பிரித்துக்கொண்டார்கள். படகைப் பிரித்துக்கொண்டார்கள். தொழிலை மட்டும் பிரிக்க முடியவில்லை. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும் பிரஷர் வாஷரைப் பாதியாக அறுக்கவா முடியும்?

கர்ட்டிஸ் எங்ஸ்ட்ரமின் வீடு பாறை விளிம்பில் நின்றது. முன்பக்கம் பார்த்தால் ஒரே மாடி. பின்பக்கம் நிலம் சட்டென்று கீழே போவதால் அடியில் ஒரு கீழ்த்தளமும் உண்டு. சமையலறையின் கண்ணாடிக் கதவைப் பக்கவாட்டில் நகர்த்தி வெளியே வந்தால் அகலமான மரத்தளம். அதைத் தாங்கும் தூண்களுக்குக் கீழே, மூன்று ஆள் உயரத்துக்கு அடியில், வெறும் பாறை. அதற்கப்பால் ஏரி.

கழுவ வந்த நாளில் ஆர்லன் தளத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான். ஓரத்தில் இரண்டு கட்டைகள் அறுபட்டு நின்றன.

"படிக்கட்டு எங்க போச்சு?"

"எடுத்துட்டேன்" என்றான் கர்ட்டிஸ். "அம்மாவுக்கு முட்டி சரியில்ல. எங்கயாவது உருண்டுடப் போறாங்கன்னு."

"இப்ப அம்மா?"

"இப்ப இல்ல."

கதவுச் சட்டத்தின் அடிப்பக்கம், முழங்கால் உயரத்துக்குக் கீழே, மரம் கீறிக் கிடந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக ஆழமான கீறல்கள். ரோண்டா குனிந்து விரலால் தடவினாள்.

"நாய் வச்சிருந்தீங்களா?"

கர்ட்டிஸ் ஏரியைப் பார்த்தான். "ஆங். நாய்தான்."

"நல்ல கோபக்கார நாய் போலயே."

"அதையும் தேச்சு எடுத்துடுங்க. வெள்ளிக்கிழமை வீடு கைமாறுது." கிளம்பும்போது திரும்பி வந்து ஒன்று சொன்னான். "பூசுறப்போ இந்தக் கதவ மூடியே வைங்க. எண்ணெய் வாட உள்ள வந்துடும்."

கழுவிய பிறகு இரண்டு நாள் நல்ல வெயில். மூன்றாம் நாள் சாயத்தோடு வந்தார்கள். வீடு துடைத்துவிட்டது போலக் காலி. மேசை இல்லை, நாற்காலி இல்லை, சுவரில் படம் இல்லை; சமையலறையில் குளிர்பெட்டி மட்டும் மிச்சம். கதவு ஓடும் காடிக்குள் துடைப்பத்திலிருந்து அறுத்த ஒரு கழி கிடந்தது. இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் கிடக்கும். கழி காடியில் இருந்தால் வெளியே நின்று எவன் இழுத்தாலும் கதவு நகராது. அதைவிட மலிவான பூட்டு கிடையாது. ஆர்லன் அதை எடுத்து, சமையலறையின் அந்தக் கோடியில், குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தான்.

முதலில் கீறல்களைத் தேய்த்தான். உப்புத்தாள் போட்டதும் புது மரம் வெளுப்பாக வந்தது. பிறகு ஈரமானியை எடுத்துக்கொண்டு பலகை பலகையாகக் குத்திப் பார்த்தான். ஈர மரத்தில் சாயம் ஏறாது. ஏறினாலும் உள்ளே மாட்டிய ஈரம் ஒரே குளிர்காலத்தில் அதை உரித்துத் தள்ளிவிடும். எல்லாப் பலகைகளும் எலும்பு மாதிரி காய்ந்திருந்தன.

கதவை ஒட்டிய இடம் தவிர.

அங்கே ஈரமானியின் முள் கடைசிவரை ஓடி நின்றது. கண்ணுக்கே தெரிந்தது. மற்ற பலகைகள் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் இருக்க, அங்கே மட்டும் கறுப்பு. கூரையிலிருந்து சொட்டவில்லை. பக்கத்தில் குழாய் இல்லை. பலகையின் ஓட்டத்தை மதிக்காமல் குறுக்கே கிடந்தது அந்த ஈரம். ஒருக்களித்து, காலை மடக்கி, கதவைப் பார்த்தபடி ஒருவர் படுத்தால் எப்படி இருக்குமோ அப்படி.

"உன்ன மாதிரி எவனோ சோம்பேறி படுத்துத் தூங்கியிருக்கான்" என்றாள் ரோண்டா. சிரிக்கவில்லை. கையை அதன் மேல் வைத்துப் பார்த்துவிட்டு ஜீன்ஸில் துடைத்துக்கொண்டாள். "ஐஸ் மாதிரி இருக்கு, ஆர்லன். நாளைக்குப் பூசலாம்."

"ராத்திரி உறைபனி விழும். நாளைக்கு ஏது? நீ போய் நம்ம கொட்டகையிலேருந்து சூடு ஊதுற மெஷின எடுத்துட்டு வா. நான் அந்தக் கோடியிலேருந்து பூசிக்கிட்டு வரேன். கதவுகிட்ட வரும்போது நீ வந்துடுவ. இத ஊதிக் காய வச்சு முடிச்சுடலாம்."

"உத்தரவு மகராசா. குளிர்ச்சட்டையப் போட்டுக்க."

"வண்டியில கிடக்குது. தூரிகை புடிச்சா தானா வேர்க்கும்."

அவன் சட்டையும் உள்ளே கிடக்க, அவள் வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள்.

ஆர்லன் கதவை மூடினான். கைப்பிடிச் சட்டத்தின் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, முழங்காலில் நகர்ந்து, பின்னோக்கி வந்தான். தளம் பூசுபவன் எப்போதும் வெளியேறும் வழியைப் பார்த்துத்தான் பின்வாங்குவான். தொழிலுக்கு வந்த முதல் நாள் கற்பது அது. ஆளிவிதை எண்ணெயின் கனத்த வாடை. செம்பழுப்புச் சாயம் மரத்துக்குள் இறங்கும் மெல்லிய சத்தம். ஏரியிலிருந்து மூடுபனி ஏறி, கைப்பிடிக் கம்பிகளை ஒவ்வொன்றாக விழுங்கியது. அக்கம்பக்கத்தார் குளிர்காலத்துக்கு வீடு பூட்டிப் போயாயிற்று. அலைச் சத்தம் மட்டும்.

கடைசிப் பலகை வரிசைக்கு வந்தபோது அவன் முழங்கால் அந்த ஈரத்தில் பதிந்தது. குளிர் துணியைத் தாண்டி எலும்புக்குப் போனது. உள்ளே போய்க் காத்திருக்கலாம் என்று பின்னால் கைநீட்டிக் கதவை இழுத்தான்.

நகரவில்லை.

எழுந்து இரண்டு கையாலும் இழுத்தான். விரல்நுனி அளவு நகர்ந்து, டக் என்று முட்டி நின்றது.

கண்ணாடியில் முகத்தை வைத்துக் கீழே பார்த்தான்.

கழி காடிக்குள் கிடந்தது.

குளிர்பெட்டிப் பக்கம் காலியாக இருந்தது.

"ரோண்டா?" என்றான். அவள் வந்திருந்தால் வண்டிச் சத்தம் கேட்டிருக்கும். வெறும் சமையலறை. மேடையில் அவன் போன், அவன் வைத்த இடத்தில்.

பயத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. முன்னால் முழுத் தளமும் ஈரச் சாயத்தில் பளபளத்தது. கைப்பிடி ஓரம் போய்க் கத்தலாம். ஆனால் போனால் கால்தடம் பதியும். இத்தனை வருஷத்தில் தான் பூசிய தளத்தில் அவன் கால் வைத்ததில்லை. பறவை நடந்தாலே கெட்ட வார்த்தையில் திட்டுபவன். கொஞ்ச நேரத்தில் அவள் வந்துவிடுவாள் என்று, மிச்சமிருந்த ஒரே காய்ந்த இடத்தில் உட்கார்ந்தான்.

காய்ந்த இடமல்ல. சாயம் படாத இடம்.

கதவில் முதுகைச் சாய்த்து, காலை மடக்கி, முழங்காலைக் கட்டிக்கொண்டான். வெளிச்சம் மங்கியது. பனியனுக்குள் வியர்வை குளிர்ந்து ஒட்டியது. அப்போது போன் அடித்தது. திரும்பிப் பார்த்தான். மேடையில் அது அதிர்ந்து நகர்ந்தது. ரோண்டாவாகத்தான் இருக்கும். கண்ணாடியை அறைந்தான். இரண்டு தடவை அடித்து, மூன்றாவது தடவையில் பாதியில் நின்றது.

யாரோ எடுத்தது போல.

இனி சாயமாவது மண்ணாவது என்று எழுந்தான்.

எழ முடியவில்லை. கால்சட்டை பலகையோடு ஒட்டியிருந்தது. ஜனவரிக் குளிரில் இரும்பை நக்கினால் ஒட்டிக்கொள்ளும் நாக்கைப் போல. பலகையில் கையூன்றித் தள்ளினான். கையுறை ஒட்டிக்கொண்டது. சாய வாளியைப் பிடித்து இழுத்துத் தலைக்கு மேலால் கண்ணாடியில் மோதினான். இரட்டைக் கண்ணாடி. வாளிதான் நசுங்கியது. கத்தினான். குரல் மூடுபனிக்குள் போய் அங்கேயே தங்கிவிட்டது.

மேல்சட்டை இல்லை. இன்றிரவு உறைபனி. அவள் வண்டி வழியில் நின்றுபோனால்? காலையில் கர்ட்டிஸ் வந்து கதவைத் திறக்கும்போது, இங்கே, இதே வடிவத்தில் நான் கிடப்பேன் என்று நினைத்தான்.

அப்போதுதான் உள்ளே சத்தம் கேட்டது.

டீவி.

அந்த வீட்டில் டீவி இல்லை. காலையில் எல்லா அறையையும் பார்த்தவன் அவன். ஆனால் கீழ்த்தளத்திலிருந்து கால்பந்து ஆட்டத்தின் கூட்டம் ஆர்ப்பரித்தது. வர்ணனைக்காரன் கத்தினான். கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

அவன் இடது காதுக்குப் பக்கத்தில் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன.

அவனுடைய பற்கள் அல்ல. அவன் வாயை இறுக்கி மூடியிருந்தான்.

பிறகு கீறல். முழங்கால் உயரத்துக்குக் கீழே, காலையில் அவன் தேய்த்து வழவழப்பாக்கிய அதே சட்டத்தில். மெதுவாக. நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மரத்தூள் அவன் தோளில் உதிர்ந்தது.

"கர்ட்டி..."

வயதான குரல். சண்டை போடும் குரலல்ல. தொந்தரவு கொடுக்கத் தயங்கும் குரல்.

"கர்ட்டி, டீவிச் சத்தத்தக் கொஞ்சம் கொறைப்பா. கதவு மாட்டிக்கிச்சு."

ஆர்லன் கண்ணை மூடிக்கொண்டான்.

"கேக்குதா, தங்கம்? கதவு மாட்டிக்கிச்சு."

சில்லென்று ஏதோ அவன் விலாவோடு ஒட்டிச் சாய்ந்தது. சூடு தேடும் ஆள் சாய்வதைப் போல. அவனுக்குப் பதறக்கூடத் தெம்பில்லை. குளிரவில்லை இப்போது. அது நல்ல அறிகுறி இல்லை என்று இந்தக் கரையில் பிறந்த எவனுக்கும் தெரியும். தூக்கம் வந்தது.

முதுகுக்குப் பின்னால் கதவு நகர்ந்தது. அவன் மல்லாந்து சமையலறைக்குள் விழுந்தான்.

"ஏய்! ஆர்லன்! என்ன பாரு!" ரோண்டா கன்னத்தில் அறைந்தாள். தன் சட்டையையும் அவன் சட்டையையும் சேர்த்து அவன் மேல் போட்டாள். "அறிவுகெட்டவனே, கதவத் திறந்துக்கிட்டு உள்ள வர வேண்டியதுதானே?"

"கழி..."

அவள் திரும்பிப் பார்த்தாள். கழி குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தது.

"கதவு சும்மாதான் இருந்துச்சு. ஒரு விரலால தள்ளினேன்." அவள் குரல் இறங்கியது. "போன எடுத்துட்டு ஏன் ஒண்ணும் பேசல? பல்லு அடிச்சுக்கிற சத்தம் மட்டும் கேட்டுது. அதுலதான் மெஷினக்கூட எடுக்காம வண்டியத் திருப்பினேன்."

அவள் அவன் கைகளைப் பிடித்துத் தேய்த்தாள். கையுறை கிழியாமல் முழுசாக இருந்தது. கதவுச் சட்டத்தில், வெளுத்த புது மரத்தில், புதுக் கீறல்கள்.

வண்டியில் சூட்டைக் கூட்டி வைத்துக்கொண்டு, விரல்களுக்கு உணர்வு திரும்பியதும் ஆர்லன் கர்ட்டிஸுக்குப் போன் போட்டான்.

"அந்த நாய் பேரு என்ன?"

"என்ன?"

"நாய் வச்சிருந்ததா சொன்னீங்களே. பேரு சொல்லுங்க."



"ஆட்டம் போயிட்டிருந்துச்சு" என்றான் கர்ட்டிஸ். "எனக்குக் கேக்கல." வைத்துவிட்டான்.

அவர்கள் அந்த வேலையை முடிக்கவில்லை. வீடு வெள்ளிக்கிழமை கைமாறிவிட்டது.

மே மாதத்தில், புதிதாக வாங்கிய பெண்மணி கூப்பிட்டாள். தளத்தில் ஓரிடத்தில் மட்டும் நிறமே பிடிக்கவில்லை, ஈரமாகவே இருக்கிறது, வந்து பார்க்க முடியுமா என்றாள். ஆர்லன் போக மறுத்தான். ரோண்டா தனியாகப் போய்விட்டு, நேராக அவன் வீட்டுக்கு வந்தாள். ஈரமானி இன்னும் அவள் கையில் இருந்தது.

அவன் சமையலறை மேசையில் காப்பியோடு உட்கார்ந்திருந்தான். வெளியே வெயில் அடித்தது. இரண்டு சட்டை போட்டிருந்தான். குளிர்காலம் முழுக்க அப்படித்தான்.

"இருக்கா?" என்றான்.

"இருக்கு. ரெண்டு."

"ரெண்டா?"

"ஒண்ணு படுத்திருக்கு. பழசு." அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தாள். "அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு. பெருசு. முதுகச் சாய்ச்சு, முழங்காலக் கட்டிக்கிட்டு."

ஆர்லன் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"எந்திரி" என்றாள்.

"எதுக்கு?"

"ஒரு நிமிஷம் எந்திரி, ஆர்லன்."

எழுந்தான். அது மர நாற்காலி, அவனே சாயம் பூசியது. ரோண்டா குனிந்து அதன் இருக்கைப் பலகையில் ஈரமானியின் இரண்டு ஊசிகளையும் அழுத்தினாள்.

முள் கடைசிவரை ஓடி நின்றது.