கிருத்திகாவின் காலை மாத்திரை

"ஏனுங்க... அதுல ரெண்டு எனக்குக் கிடைக்குங்களா?"

பாலக்காட்டு ஆஸ்பத்திரி மருந்துக்கடை வாசலில், வாங்கிய மாத்திரை அட்டையோடு மழைக்கு ஒதுங்கி நின்ற கிருத்திகா திரும்பினாள். கேட்டவனுக்கு நனைந்த இமைகள்... தூக்கமில்லாமல் சிவந்திருந்தாலும் அழகான கண்கள்! டாக்டர் சீட்டு இல்லையென்று கடைக்காரர் சற்றுமுன் திருப்பி அனுப்பிய அதே ஆள்.

"அரசு வேலைக்குப் பி.எஸ்.சி. பரீட்சைங்க. இதப் போட்டா ராவெல்லாம் படிக்கலாம்னு பசங்க சொல்றாங்க."

அந்தக் கண்களை ரசித்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது அவளுக்கு.

"எனக்குக் கவனம் ஓரிடத்துல நிக்காதுங்க. ஏ.டி.எச்.டி.ன்னு பேருங்க. டாக்டர் பிரஷர், நெஞ்சு எல்லாம் பாத்து எனக்குன்னு அளந்து கொடுத்தது இது. மிட்டாய் இல்லீங்க!"

சொல்லிவிட்டு மழையிலேயே இறங்கி நடந்தாள்.

அடுத்த வாரம் சித்தூர் பஸ்ஸில் அவனே பக்கத்தில் வந்து நின்றான். முதலமடை மாந்தோப்புக்காரர் மகன், கோகுல்நாத்.

"நீங்க சொல்லியும் கேக்காம சிநேகிதன்கிட்ட வாங்கி முழுங்கிட்டேனுங்க. நெஞ்சு படபடன்னு அடிச்சு, ஆஸ்பத்திரியில கிடந்து, பரீட்சையும் போச்சு."

"ஐயோ... இப்ப?"

"இப்பவும் அடிக்குதுங்க. ஆனா இது மாத்திரையால இல்ல..."

சிரிக்கக் கூடாதென்று ஜன்னல் பக்கம் திரும்பினாள். சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் அந்த பஸ் நேரம் மட்டும் இருவருக்கும் போதவில்லை. தை மாதம் அவன் அம்மா பொன்னாத்தாள் அவனையும் கூட்டிக்கொண்டு பெண் பார்க்க வந்தாள்.

"மாத்திரைப் பேச்ச எடுத்துராத கண்ணு," என்று கிருத்திகாவின் காதோரம் கெஞ்சினாள் அவள் அம்மா மருதாத்தாள்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லீல்ல அம்மிணி?" என்று கேட்டாள் பொன்னாத்தாள்.

கிருத்திகா அவனைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்தவன்... தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்குச் சுருக்கென்றது.

"தினமும் காலையில மாத்திரை சாப்புடறேனுங்க. எனக்கு அது வேணுங்க."

ஆறிப்போன காப்பியை அப்படியே வைத்துவிட்டு அவர்கள் எழுந்து போனார்கள்.

அதன்பின் அவள் வேறு பஸ்ஸில் போனாள். அவன் எத்தனை முறை அழைத்தும் போனை எடுக்கவில்லை. ஒரு சாயங்காலம், அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றான்.

"அம்மாகிட்ட எல்லாஞ் சொல்லிட்டேனுங்க. தப்பா முழுங்கி ஆஸ்பத்திரியில கிடந்தவன் நானு, டாக்டர் சொன்னபடி சாப்புடறவ அவ... யாரு தல குனியோணும்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"இன்னைக்குக் காலையில, 'அந்தப் புள்ளையோட டாக்டர்கிட்ட என்னையக் கூட்டிட்டுப் போ, எனக்கும் புரியோணும்'னாங்க." அவன் ஓரடி அருகில் வந்தான். "அன்னைக்கு வாய மூடிட்டு உக்காந்திருந்தது தப்புங்க. இப்பச் சொல்றேன்... நீங்க இல்லாம முடியாதுங்க எனக்கு."

அவள் கண்கள் நிறைந்தன.

"நான் பேச்சுக்குக் குறுக்க விழுவேன். சாவிய வச்ச இடம் மறந்துருவேன். மாத்திரை எல்லாத்தையும் மாத்தாதுங்க."

"தேடலாங்க. ரெண்டு பேருமாத் தேடலாம்."

"எனக்கும் உங்களப் புடிச்சிருக்குங்க..." மனசு வேறெங்கும் ஓடிவிடுவதற்குள், அவசர அவசரமாகச் சொல்லிமுடித்தாள் கிருத்திகா.